ஐப்பசியில் தனியாகச் சேர்வராயன் உச்சிக்கு: ஒரு பகலில் போய்த் திரும்ப முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் 24 வயதுத் தம்பி ஒருவர், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய், சேர்வராயன் உச்சியையும் அக்கம்பக்கத்து முகடுகளையும் நடந்தே பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சேலம் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். வழிகாட்டி கட்டாயமா, காட்டெருமை பயம் எவ்வளவு உண்மை என்றும் கேட்கிறார். தனியாகப் போவதற்கு அம்மா சம்மதிக்கவில்லையாம், அவருக்கு என்ன சொல்வது என்பதும் கேள்வியில் இருக்கிறது. முடியுமா என்பதற்குப் பதில் எளிது: முடியும். ஆனால் அவர் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, எந்த இடத்தில் போதும் என்று திரும்பிவிட வேண்டும், அதை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். சேலத்தில் இருந்துகொண்டு பல வருடங்களாக இந்த மலைகளில் நடக்கிறவன் நான். புதியவர்களைக் குழுவாகக் கூட்டிப்போவதும் உண்டு, முதலுதவிப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். வனத்துறைக்காரனோ மருத்துவனோ இல்லை. சட்டம், சிகிச்சை பற்றி நான் சொல்வதை ஒரு நடைக்காரனுக்குத் தெரிந்த அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலையின் வடிவம். அடிவாரத்திலிருந்து செங்குத்தாக ஏறி முடித்ததும் மேலே பரந்த மேட்டுநிலம் வந்துவிடும், அதுதான் ஏற்காடு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு ஊர் 1,400 முதல் 1,500 மீட்டர் வாக்கில். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி சுமார் 1,620 மீட்டர். ஆக, ஏற்றத்தின் பெரும்பங்கை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தே ஏறிக் கொடுத்துவிடுகிறது. ஏரிக்கரையிலிருந்து நீங்கள் காலால் ஏற வேண்டியது இருநூறு, முந்நூறு மீட்டர்தான். நாள் முழுக்க மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவதைக் கூட்டினால் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் வரும். தினமும் கொஞ்சம் வேகமாக நடக்கிற பழக்கம் இருந்தால் இது உடம்புக்கு மீறிய வேலை இல்லை. சேர்வராயனைவிடச் சோலைக்கரடுதான் உயரம் என்று சொல்வோரும் உண்டு. வித்தியாசம் சொற்பம், நடக்கிற காலுக்கு அது தெரியாது.

உயரத்தைவிட உச்சியின் தன்மைதான் முக்கியம். இந்த மலையின் அடிப்பாறை சார்னோக்கைட் என்கிற கடினமான பாறை. அதன் மேற்பகுதி காலங்காலமாக மழையிலும் வெயிலிலும் மக்கி, செம்புராங்கல்லும் பாக்சைட்டுமாக மாறி, பாறைக்கு மேல் ஒரு தொப்பியாக உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்துக்காக அதை வெட்டியெடுத்த காலமும் இருந்தது. சேர்வராயன் உச்சி கூராக இல்லாமல் தட்டையாக, மரம் இல்லாத புல்வெளியாக இருப்பது இதனால்தான். வெயில் நாளில் அங்கே நின்றால் நாலு பக்கமும் திறந்து கிடக்கும். கிழக்கே கல்வராயன் மலை, வடகிழக்கே சித்தேரி, தெற்கே போதமலையும் அதற்குப் பின்னால் கொல்லிமலையும். மழை கழுவிவிட்ட காலையாக இருந்தால் மேற்கே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடாக மின்னும். ஐப்பசிக் காலையில் இந்தத் தெளிவு கிடைக்கும். சித்திரை, வைகாசிக் கூட்டத்தில் புழுதியும் புகையும் கலந்து பாதித் தூரம்கூடத் தெரியாது. நீங்கள் ஐப்பசியைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு என்றே சொல்வேன். ஆனால் பார்வைக்குத் திறந்து கிடக்கும் அதே புல்வெளிதான் இடிக்கும் திறந்து கிடக்கிறது. இந்த மலையில் இந்தப் பருவத்தில் நான் முதலாவதாகப் பயப்படுவது இடிமின்னலுக்கு. காட்டெருமை அதற்கு அப்புறம்தான்.

ஐப்பசி மழை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு வேறு மழைகள் இருக்கின்றன, இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்று, வெப்ப மழை. புரட்டாசியிலும் ஐப்பசியின் முன்பகுதியிலும் இதுதான் அதிகம். காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏறச் சமவெளியின் ஈரக்காற்று சூடாகி மலைச்சரிவைப் பிடித்து மேலே வரும். பத்து, பதினொரு மணிக்கு முகடுகளின் மேல் வெள்ளை மேகம் குவியத் தொடங்கும். அதன் அடிப்பாகம் கறுத்து, தலை மேலே மேலே வளர்ந்துகொண்டே போனால், மதியம் ஒன்று, இரண்டு மணிக்குமேல் இடியோடு கொட்டிவிட்டுப் போகும். இந்த மழைக்குப் பெரும்பாலும் நேர ஒழுங்கு உண்டு, அதனால் நேரத்தை வைத்தே அதிலிருந்து தப்பிக்கலாம். இன்னொன்று, வங்கக்கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகி வரும் மழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும், அதிலிருந்து டிசம்பர் வரை இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். இதற்குக் காலை, மாலை கிடையாது. நாள் முழுக்க, சில சமயம் மூன்று நாள்கூடக் கொட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கே நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பயன் இல்லை. பயணத்தையே தள்ளிப்போட வேண்டும்.

முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதும் இந்தப் பிரிவைப் பொறுத்ததுதான். தாழ்வு மண்டலத்தைப் பற்றி வானிலை ஆய்வு மையம் இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ போட்டிருந்தால் அந்த ஞாயிறு வீட்டில் இருங்கள். வெப்ப மழை விஷயத்தில் அவர்களால் ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்பதற்கு மேல் சொல்ல முடியாது, அது அவர்கள் குறையும் இல்லை. அந்த ஓரிரு இடம் சேர்வராயனா, ஓமலூரா என்பது அன்று மதியம்தான் தெரியும். ஆகவே மஞ்சள் எச்சரிக்கை இருக்கும் நாளில் போகலாம், ஆனால் மதியத்துக்குள் திறந்த உச்சியை விட்டு இறங்கிவிடுவது என்ற உறுதியோடு போக வேண்டும். போனில் பார்க்கிற மழைச் சதவீதத்தைவிட, பதினொரு மணிக்கு மேகத்தின் அடிப்பாகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை நான் அதிகம் நம்புவேன்.

இடி கேட்டுவிட்டால் என்ன செய்வது? மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேகூட இருக்கலாம். உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏறக் கூடாது. எங்கே ஒதுங்குவது என்பதில் பலர் தவறான நம்பிக்கையோடு இருக்கிறார்கள். கான்கிரீட் கட்டடமும் மூடிய காரும் பாதுகாப்பு. தனி மரத்தடி ஆபத்து. காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்திருக்கும் உயரமான சில்வர் ஓக் மரத்தை ஒட்டி நிற்பதும் ஆபத்து. சேர்வராயன் கோயில் குகைக் கோயில் என்பதால் மழை வந்தால் அதன் வாசலில் ஒண்டிக்கொள்ளத் தோன்றும். மழைக்கு அது சரி, மின்னலுக்குச் சரி இல்லை. மண்ணிலும் பாறையிலும் ஓடும் மின்சாரம் குகை வாயைத் தாண்டிக் குதிக்கும்போது நடுவில் நிற்கிற ஆளின் வழியாகப் போகக்கூடும். உச்சி வரை வண்டிப்பாதை இருக்கிறது. வண்டி ஏதாவது நின்றால் கூச்சப்படாமல் கதவைத் தட்டி உள்ளே உட்காரக் கேளுங்கள். இல்லையென்றால் பாதை வழியாகவே கீழே நடையைக் கட்டுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்வது பற்றிப் படித்திருப்பீர்கள். வேறு எதுவுமே முடியாத கட்டத்தில் செய்கிற காரியம் அது, அதனால் பெரிய பாதுகாப்பு கிடைப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

இதையெல்லாம் சேர்த்து நடையைத் திட்டமிடுவோம். உயரமான, திறந்த இடத்தை முதலில் முடித்துவிட வேண்டும். ஏற்காட்டுக்குப் போகிற பலர் முதலில் ஏரி, படகு, பகோடா பாயிண்ட் என்று சுற்றிவிட்டுச் சேர்வராயனை மாலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். காரில் போனால் அது பரவாயில்லை. நடந்து போகிறவருக்கு அது தலைகீழான வரிசை. விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து ஏழு மணிக்கு ஏரிக்கரையில் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராகச் சேர்வராயனை நோக்கி நடையுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர். வழியிலேயே தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது, அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது மணி வாக்கில் உச்சி. கோயிலுக்குள் போவதானால் குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. இந்த மலை முழுக்க வாழும் மலையாளிப் பழங்குடிகளின் சாமி அது, மே மாதத்தில் அதற்குப் பெரிய திருவிழா. நாம் சுற்றிப் பார்க்க வந்த இடம் அவர்களுக்குக் கும்பிடுகிற இடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற மரியாதைகள் தானாக வந்துவிடும். பத்தரைக்கு, அதிகபட்சம் பதினொரு மணிக்கு, வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் உச்சியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அங்கிருந்து வந்த வழியே இறங்கி, மலையின் கிழக்கு விளிம்பில் இருக்கும் பகோடா பாயிண்டுக்குப் போகலாம். அடுக்கிவைத்த கல் கோபுரங்களும், கீழே பள்ளத்தில் காக்கம்பாடிக் கிராமமும் தெரிகிற இடம். மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம், ஊரும் பக்கம். இரண்டரை மணிக்குள் ஏரிக்கரைக்குத் திரும்பிவிடலாம். மழை இல்லாமல், காலும் ஒத்துழைத்தால், தென்மேற்கு விளிம்பில் லேடிஸ் சீட் வரை போய்ச் சேலம் நகரத்தையும் வெள்ளைக்கல் சுரங்கங்களையும் மேலிருந்து பார்த்துவிட்டு வரலாம். மொத்தம் பதினெட்டு, இருபது கிலோமீட்டர் ஆகும். 1892ல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி பதினெட்டு கிலோமீட்டருக்கு நாலரை மணி சொச்சம் வரும். ஈரமான பாதை, படம் எடுக்க நிற்பது, வழி கேட்பது எல்லாம் சேர்த்துப் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏழு மணி நேரம். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அடுத்த இருபது நிமிடத்தில் தோட்டத்துக்குள் ஒன்றும் தெரியாது. ஏழு மணிக்குத் தொடங்கினால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் கையிருப்பு இருக்கும். பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி நேரம்கூட இருக்காது, இடி நேரத்திலும் உச்சியில் நிற்பீர்கள். அதனால் பேருந்து தாமதமாகி ஏரிக்கரைக்கே ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால் அன்றைக்குச் சேர்வராயனை விட்டுவிட்டுப் பகோடா பாயிண்ட் பக்கம் மட்டும் போங்கள்.

நான் சொன்ன வழி பெரும்பாலும் தார்ச்சாலையும் வண்டிப்பாதையும்தான். உச்சிகளை இணைக்கும் காட்டுவழி கிடைக்கும் என்று நினைத்திருந்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வேண்டுமென்றேதான் இப்படிச் சொல்கிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து இந்த மேட்டுநிலத்தில் காடாகத் தெரிவதில் பாதி உண்மையில் யாரோ ஒருவரின் தோட்டம். வரைபடத்தில் ஒத்தையடிப்பாதை காட்டினாலும் நடுவில் கேட்டும் வாட்ச்மேனும் இருப்பார்கள். மீதிப் பாதி காப்புக்காடு. அதற்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அபராதம் போடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகியது, இறுகியதும் நியாயம்தான். அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் வழியாக ஏறும் நடைபாதை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் உள்ள உண்மையான மலையேற்றம். அது காட்டுவழி என்பதால் தனியாக அதில் இறங்காதீர்கள். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் இருக்கின்றன, சேலம் மாவட்டத்துக்கும் அதில் இடம் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். ஆக, வழிகாட்டி வேண்டுமா என்பதற்குப் பதில்: ஊர்ச்சாலையில் வேண்டாம், காட்டுவழியில் கட்டாயம்.

இப்போது காட்டெருமை. பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஏற்காட்டில் காட்டெருமை உண்டு, காபித் தோட்டங்களுக்குள் தாராளமாக வருகிறது, தோட்டத் தொழிலாளர்கள் அதனிடம் குத்துப்பட்டிருக்கிறார்கள். வளர்ந்த கடா எண்ணூறு, ஆயிரம் கிலோ வரை இருக்கும். நீங்கள் போகிற அன்று பாதையில் நிற்குமா என்றால், அதை யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது இதுதான்: விடியற்காலையிலும் அந்தியிலும்தான் மேய்ச்சலுக்கு நடமாட்டம் அதிகம். கூட்டத்தைவிடத் தனிக் கடாவிடமும் கன்றோடு நிற்கும் பசுவிடமும் கூடுதல் ஜாக்கிரதை தேவை. பெரும்பாலான விபத்துகள், செடி மறைவில் அது நிற்பது தெரியாமல் ஆள் மிக அருகில் போய்விடுவதால் நடப்பவை. ஆகவே காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். வளைவுகளில் தடியால் தரையைத் தட்டிக்கொண்டோ, நாலு வார்த்தை சத்தமாகப் பேசிக்கொண்டோ நடையுங்கள். பார்த்துவிட்டால் நில்லுங்கள், ஓடாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்னால் போய், அது போவதற்கு வழி விடுங்கள். போன் எடுத்துப் படம் பிடிக்க ஒரு அடிகூட முன்னால் போகக் கூடாது. அது தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டால் பருத்த மரம் ஒன்றின் பின்னால் போய்விடுங்கள். பாதையை அடைத்துக்கொண்டு நின்றால் அரைமணி நேரம் காத்திருங்கள், நகரவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள். சுற்றிக்கொண்டு போகிறேன் என்று செடிகளுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. வழியில் எதிர்ப்படுகிற மலைக்காரர்களிடம் “அண்ணா, இந்தப் பக்கம் எருமை ஏதாச்சும் நிக்குதுங்களா?” என்று கேட்பது எல்லாவற்றையும்விட நல்ல தகவல். அன்று காலை அது எங்கே நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கார்த்திகையை ஒட்டிக் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் தோட்டங்களில் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

எருமையைவிட அடிக்கடி நடப்பது வழுக்கி விழுவது. மழைக்குப் பின் செம்மண் பாதை களிம்பாகிவிடும். பாறைகளில் பாசி படிந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கணுக்கால் பிசகினால் குழுவில் இருப்பவருக்கு அது சின்னத் தொந்தரவு, தனியாக இருப்பவருக்கு நாளையே மாற்றிவிடும் விஷயம். பொத்தான் மாதிரி ஆழமான பிடி உள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ, ஒரு தடி, இரண்டும் இருந்தால் போதும். கிளியூர் அருவிக்கு இந்த நாளில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் சுமார் 300 அடி உயரத்திலிருந்து அங்கே விழுகிறது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வரத்து திடீரென ஏறும். அந்த அருவியே இன்னொரு விஷயத்தையும் சொல்லிக்கொடுக்கிறது. மூட்டத்தில் வழி தப்பினால் ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வரும் என்று சமவெளியில் சொல்வார்கள். இந்த மலையில் அது உயிருக்கு ஆபத்து. மேட்டுநிலத்தின் விளிம்பில் ஓடைகள் எல்லாம் செங்குத்தாக விழுகின்றன. மூட்டம் கவிந்தால் நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். சாலையைத் தொட்டுவிட்டால் அப்புறம் கவலை இல்லை.

குளிரைப் பற்றிச் சேலத்துக்காரர்கள் பொதுவாக நினைப்பதில்லை. நூறு மீட்டர் ஏறினால் சுமார் அரை டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். சேலத்தில் 31 டிகிரி என்றால் உச்சியில் 22 வாக்கில். அதுவே நல்ல நாளில். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் அரைமணி நேரம் நின்றால் பல் அடிக்கத் தொடங்கும், அந்த நிலையில் யோசனையும் மந்தமாகும். அதனால் நல்ல ரெயின்கோட்டும், பிளாஸ்டிக் கவருக்குள் மாற்றுச் சட்டை ஒன்றும் கட்டாயம். தண்ணீர் மூன்று லிட்டர். தோட்ட ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காபிச் செடிக்கு அடிக்கிற மருந்தெல்லாம் அதில்தான் வந்து சேரும். ஓஆர்எஸ் பொட்டலம், டார்ச், பவர் பேங்க், கிரேப் பேண்டேஜ். அட்டைக்கு உப்போ சுண்ணாம்போ போதும், கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான். பாம்பு விஷயத்தில் மட்டும் ஒன்று: கடித்த இடத்தை அறுக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். வண்டி வரக்கூடிய சாலைக்குப் பக்கத்திலேயே நடப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

தனியாகப் போவது பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். தனி நடை தவறு இல்லை. பேச்சுத் துணை இல்லாதபோதுதான் கண்ணும் காதும் வேலை செய்கின்றன, நம் வேகம் நமக்கே சொந்தமாக இருக்கிறது. அதற்காக ஏங்குகிறவர்களை எனக்குப் புரியும். ஆனால் குழுவில் ஒருவராவது ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்வார். தனியாக இருக்கும்போது அந்தக் குரல் இருக்காது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் இருக்கும். அதனால் திரும்பும் முடிவுகளை வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடுங்கள். பதினொரு மணிக்கு உச்சியில் இருக்க மாட்டேன், ஒரு இடி கேட்டாலும் இறங்குவேன், சாலையை விட்டு ஐந்து நிமிடத்துக்குமேல் விலகமாட்டேன். இந்த மூன்றையும் மலையில் நின்று மறுபடி விவாதிக்கக் கூடாது. இதில் ஒன்றையாவது கடைப்பிடிப்பது சந்தேகம் என்று தோன்றினால் இந்த முறை ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள். இதுவரை பத்து கிலோமீட்டர்கூடத் தொடர்ந்து நடந்ததில்லை என்றாலும் அப்படித்தான். வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை போன்ற ஏதாவது இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், அதில் நான் கருத்துச் சொல்வது சரியில்லை.

கடைசியாக அம்மா. அவர் பயப்படுவது மலைக்கு இல்லை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான். அதை ஒரு தாளில் தீர்க்கலாம். எந்தப் பேருந்து, எந்த வழி, எந்த நேரத்துக்கு எந்த இடம், என்ன நிறச் சட்டை, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஏரிக்கரை, உச்சி, பகோடா பாயிண்ட், பேருந்து ஏறும்போது என நாலு இடத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள். முகட்டுக்குப் பின்புறம் சிக்னல் போய்விடும், அதனால் ஒரு செய்தி தாமதமானால் பதற வேண்டாம் என்றும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஏரோபிளேன் மோடில் வைத்தால் பேட்டரி நிற்கும், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். உங்கள் சிம்முக்கு டவர் எட்டாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 போகும். வழியை மாற்றினால் மாற்றுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும், சொல்ல முடியவில்லை என்றால் மாற்றக் கூடாது. மாலை ஏழு மணி தாண்டியும் உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால் 112க்கு அழைத்து அந்தத் தாளில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அழைக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிறகும் அவர் வேண்டாம் என்றால், முதல் முறை அவரையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் போய்ச் சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். உச்சி வரை வண்டி போகும். வழியையும் இடத்தையும் அவரே கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த முறை பேசுவது சுலபம்.